முத்திரை மெய், மூட்டை பொய்!

சரக்குக் கிடங்கிலே மூட்டை தூக்கும் தோழர் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். இறக்கி அடுக்குவதுதான் அவர் வேலை. வாங்குவதும் விற்பதும் வேறு ஆட்களின் வேலை. ஆனாலும் தோளில் ஏற்றுமுன் மூட்டையின் மேலுள்ள முத்திரையை ஒரு பார்வை பார்ப்பார். வாய்த் தையலை விரலால் தடவிப் பார்ப்பார். ஆலையிலே தைத்த தையலா, வழியிலே யாரோ பிரித்துவிட்டுக் கோணி ஊசியால் மறுபடி போட்ட தையலா என்பது அவருக்குத் தெரிந்துவிடும். "இது மில்லிலேயிருந்து நேரா வந்ததில்லீங்க, நடுவிலே கை பட்டிருக்கு" என்பார். பட்டம் பெற்றவரல்லர் அவர். ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது, எவர் கைபட்டு வந்தது என்று கேட்கும் அறிவு அவரிடம் இருக்கிறது.

அந்த எளிய அறிவு, உலகையே விரல் நுனியில் ஆட்டிப் படைப்பதாகப் பெருமை பேசும் கணினித் துறைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை என்று நாம் சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். மேதைகள் நடத்தும் துறையாயிற்றே, கோடிகள் புரளும் துறையாயிற்றே, அங்கேயா இந்தக் குறை என்று கேட்கக்கூடும். அங்கேதான்! இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் இது மேதைகளின் வீட்டு விவகாரமாக இருந்த காலம் போய்விட்டது. ரேஷன் கடையில் அட்டையைப் படிக்கும் கருவி, மாதச் சம்பளம் வந்து விழும் வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடம், ரயில் டிக்கெட், மின்கட்டணம் என்று எல்லா இடத்திலும் கணினி வந்து உட்கார்ந்துவிட்டது. அது பிசகினால் வெயிலில் வரிசையில் நிற்பவர்கள் மேதைகள் அல்லர், நாம்!

கணினி என்பது வெறும் பெட்டி. அதை வேலை வாங்குவது மென்பொருள். அந்த மென்பொருளை யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை எழுதிவிடுவதாக நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். அப்படியன்று. பேருந்து ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அடிச்சட்டம் ஓரிடத்திலிருந்து வருகிறது, டயர் வேறிடத்திலிருந்து வருகிறது, கூண்டு கட்டுவது கரூரிலே. மென்பொருளும் அவ்விதமே நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான உதிரிப் பாகங்களைக் கொண்டு கட்டப்படுகிறது. அந்தப் பாகங்களைப் பேக்கேஜ் என்பார்கள் இளைஞர்கள். நாம் பொதி என்போம். பேருந்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பேருந்தின் டயர் எந்தக் கம்பெனியுடையது என்று டிரைவருக்குத் தெரியும். தன் கணினிக்குள் இருக்கும் பொதிகள் எவை, எங்கிருந்து வந்தவை என்று கேட்டால், அதை விற்றவருக்கே பல நேரம் தெரியாது.

தெரியாததால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் கதையைச் சொல்கிறோம்.

ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்று ஒரு பொறியாளர். மைக்ரோசாப்ட் கம்பெனியில் வேலை; போஸ்ட்கிரஸ் என்னும் தரவுக் களஞ்சிய மென்பொருளை உருவாக்குவோரில் ஒருவர். தம் கணினியில் ஏதோ வேகச் சோதனை செய்து கொண்டிருந்தார். தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். என்று ஒரு வாயில் உண்டு. அந்த வாயில் வழக்கத்தைவிடத் தாமதமாகத் திறப்பதை அவர் கண்டார். எவ்வளவு தாமதம்? அரை வினாடி! முன்னே ஏறத்தாழ 0.3 வினாடியில் முடிந்தது இப்போது 0.8 வினாடி பிடித்தது. நாமாக இருந்தால் கவனித்திருப்போமா? கண் இமைப்பதற்குள் போய்விடும் நேரம். ஆனால் அந்த மனிதர் விடவில்லை. ஏன் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே போய், உலகத்தின் இலட்சக்கணக்கான கணினிகளின் கதவுக்குக் கள்ளச் சாவி தயாராகிக் கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார். மார்ச் 29-ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார்.

கள்ளச் சாவி இருந்த இடம் எது? வாயிலிலே இல்லை. எக்ஸ்.இசட். என்று ஒரு சிறு பொதி. பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சிறிதாக்கும் எளிய வேலை அதனுடையது. அதற்கும் கதவுக்கும் என்ன உறவு? நேர் உறவு ஒன்றுமில்லை. கதவைச் செய்தவர்கள் எக்ஸ்.இசட்.டை நாடவேயில்லை. ஆனால் டெபியன் முதலிய சில லினக்ஸ் விநியோகங்களில், கதவோடு சிஸ்டம்டி என்ற மற்றொரு மென்பொருளின் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அந்தத் துண்டு எக்ஸ்.இசட்.டை நாடியது. பூட்டு வாங்கினோம், பூட்டோடு ஒரு சங்கிலி வந்தது, சங்கிலியோடு ஒரு வளையம் வந்தது, வளையத்துக்குள் திருடன் ஒளிந்திருந்தான். பூட்டை மட்டும் சோதித்தவர் கண்ணில் அவன் எப்படிப் படுவான்?

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் மூட்டை கட்டிய விதத்திலே இருந்தது. திறந்த மூல மென்பொருளின் பெருமை என்னவென்றால், எழுதிய நிரல் அனைத்தும் ஊரறியப் பொதுவிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். யாரும் பார்க்கலாம், படிக்கலாம். அதை வயல் என்று வைத்துக் கொள்வோம். ஆனால் லினக்ஸ் விநியோகத்தார் பலர் வயலுக்குப் போய் அறுப்பதில்லை. பராமரிப்பவர் அறுத்து, தூற்றி, மூட்டையாகக் கட்டி, தம் முத்திரையிட்டு வெளியிடுவார். அந்த மூட்டையைத்தான் எடுத்துச் செல்வார்கள். 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0, மார்ச்சில் வந்த 5.6.1 ஆகிய இரு மூட்டைகளிலும், வயலில் இல்லாத ஒரு சிறு கட்டளைக் கோப்பு சேர்க்கப்பட்டிருந்தது. நஞ்சு வயலிலும் கொஞ்சம் இருந்தது. சோதனைக்காக என்று சொல்லி வைத்திருந்த, கெட்டுப்போனது போலத் தோன்றும் மாதிரிக் கோப்புகளுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சொத்தை நெல் மாதிரிக்கு வைத்திருக்கிறோம் என்றால் யார் அதைக் கிண்டிப் பார்ப்பார்கள்? மூட்டையில் மட்டும் இருந்த கட்டளை, விநியோகத்தார் தம் பட்டறையில் பொதியைக் கட்டும் நேரத்தில் விழித்தெழுந்து, அந்தச் சொத்தை நெல்லைப் பிரித்து நஞ்சை எடுத்துக் கலந்தது. வேறிடத்தில் கட்டினால் ஒன்றும் செய்யாமல் உறங்கியது.

முத்திரை மெய்! பராமரிப்பவர் இட்ட முத்திரைதான். மூட்டைதான் பொய்!

அந்த முத்திரையைத் திருடன் எப்படிப் பெற்றான் என்பதுதான் நம் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம்.

எக்ஸ்.இசட். பொதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தவர் பின்லாந்து நாட்டுக்காரர் ஒருவர். அவர் பெயரை எழுதி அவரை மேலும் வருத்த நமக்கு விருப்பமில்லை. தனி ஆள். சம்பளம் இல்லை. ஓய்வு நேரத்தில் செய்த தொண்டு. அந்தத் தொண்டைத் தூக்கித் தம் சரக்கில் வைத்துக்கொண்ட கம்பெனிகள் எத்தனை எத்தனை! 2022-ஆம் ஆண்டில் அவருக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. வேலை மெதுவாக நடக்கிறதாம், திருத்தங்கள் தேங்கிக் கிடக்கின்றனவாம், முடியாவிட்டால் பொறுப்பை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடலாகாதா என்று கேட்டனவாம் அக்கடிதங்கள். எழுதியவர்கள் முன்பின் அறிமுகம் இல்லாத பெயர்களில் வந்தார்கள். அதன்பின் காணாமலே போனார்கள். மனநலச் சிக்கல் நீண்ட நாளாக வாட்டுகிறது, இது ஊதியமில்லாத வேலை என்பதை நினைவில் வையுங்கள் என்ற பொருள்பட அந்த மனிதர் பொதுமடலிலேயே பதில் எழுதினார். கூலி இல்லை, ஆனால் கங்காணி உண்டு! தேயிலைத் தோட்டத்திலும் காணாத கொடுமை.

அப்படி அவரை நெருக்கிய அதே வேளையில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 2021-லிருந்தே சிறு சிறு திருத்தங்களைச் செய்து கொடுத்து வந்தவர்; பணிவானவர்; சளைக்காதவர். சோர்ந்து போன மனிதருக்கு இது தெய்வம் அனுப்பிய துணை போலத் தோன்றியதில் வியப்பென்ன? மெல்ல மெல்லப் பொறுப்பு கைமாறியது. மூட்டை கட்டி முத்திரையிடும் உரிமையும் கைமாறியது. ஏறத்தாழ இரண்டரை ஆண்டு பொறுத்திருந்து, பிறகு நஞ்சைக் கலந்தார்கள். கலந்த கையோடு, புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்த்துக் கொள்ளுங்கள் என்று லினக்ஸ் விநியோகத்தாரை நச்சரிக்கவும் செய்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னே இருந்தது ஒரு மனிதரா, ஒரு கூட்டமா, ஓர் அரசாங்கமா என்பது உறுதிப்படவில்லை. பெயர் சீனப் பெயர் போல இருக்கிறதே என்று சிலர் விரல் நீட்டினார்கள். பொய்ப் பெயர் வைத்துக் கொள்பவன் தன் சொந்த ஊர்ப் பெயரையா வைத்துக் கொள்வான்? அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம்.

நல்ல வேளையாக அந்த மூட்டைகள் டெபியனின் நிலையான பதிப்புக்குள் போகவில்லை. சோதனைப் பதிப்பு, ஃபெடோராவின் முன்னோட்டப் பதிப்பு, ஓப்பன்சூசேயின் ஒரு கிளை என்ற அளவில் பிடிபட்டது. உபுண்டு தன் புதிய பதிப்பின் முன்னோட்டத்தை ஒரு வாரம் தள்ளிவைத்து, நஞ்சு நுழைந்த பிறகு கட்டிய பொதிகளையெல்லாம் மறுபடி கட்டியது. அரை வினாடியை ஒருவர் கவனித்ததால் தப்பித்தோம். அவர் அன்று வேறு வேலையாக இருந்திருந்தால்?

இது முதல் தடவையன்று என்பதுதான் வயிற்றெரிச்சல். 2018-இல் இவென்ட் ஸ்ட்ரீம் என்ற பொதிக்கும் இதே கதி. பராமரித்தவர் களைத்துப் போய், உதவ வந்த அந்நியரிடம் ஒப்படைத்தார். அந்நியர் மின்பணத்தைத் திருடும் நிரலைச் சேர்த்துவிட்டார். 2025 செப்டம்பரில் வேறொரு வகை. பராமரிப்பவர் ஒருவருக்குப் போலி மின்மடல் அனுப்பி, அவருடைய கணக்கின் சாவியைப் பறித்து, ஜாவாஸ்கிரிப்ட் பொதிகள் 18-இல் கள்ள நிரலை ஏற்றினார்கள். அந்தப் பதினெட்டும் சேர்ந்து வாரத்துக்கு 200 கோடித் தடவைக்கு மேல் பதிவிறக்கப்படுபவை! சில மணி நேரத்தில் அகற்றிவிட்டார்கள். ஆனால் அதே மாதத்தில், ஒரு பொதியிலிருந்து மற்றொரு பொதிக்குத் தானே தாவிப் பரவும் புழு ஒன்று நூற்றுக்கணக்கான பொதிகளைக் கெடுத்தது.

இனி, நம் கணினிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பொதிகளின் பக்கம் வருவோம். இவை எங்கிருந்து வந்தவை என்று கணினியைக் கேட்டால் சொல்லுமா?

பாதி சொல்லும், பாதி விழிக்கும். டெபியனை எடுத்துக் கொள்வோம். அதை நாம் எடுத்துக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸ், டெபியனின் அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டதுதான். டெபியன் கணினி, தன்னிடம் நிறுவப்பட்ட ஒவ்வொரு பொதியின் பெயரையும், பதிப்பு எண்ணையும், பராமரிப்பவர் பெயரையும் ஒழுங்காக ஏட்டில் எழுதி வைக்கிறது. ஆனால் எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தது என்பதை அந்த ஏட்டில் எழுதுவதில்லை! கேட்டால் என்ன செய்கிறது? இன்று தனக்குத் தெரிந்த களஞ்சியங்களின் பட்டியல்களைப் புரட்டுகிறது. இதே பெயர், இதே எண், இன்ன இடத்திலும் இருக்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டுகிறது. களஞ்சியம் மூடப்பட்டிருந்தால், அல்லது யாரோ கையோடு கொண்டு வந்து நிறுவியிருந்தால், ஏட்டில் பெயர் இருக்கும், பிறந்த ஊர் இராது. அண்டை வீடான ஃபெடோராவில் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்று குறித்து வைக்கிறார்கள். பைத்தான் மொழியின் நிறுவும் கருவியோ, நேரே ஒரு முகவரியைச் சொல்லி எடுத்து வந்தால் அந்த முகவரியைக் குறித்துக் கொள்கிறது. பெரிய கடையிலிருந்து பெயரைச் சொல்லி வாங்கினால் கடையின் பெயரைக் குறிப்பதில்லை. ஒரு தொழிலுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு வாசற்படி வேறு!

கடையின் பெயர் எதற்கு, பொருளின் பெயர் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதை அலெக்ஸ் பிர்சான் என்ற ஆய்வாளர் 2021 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டினார். பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்தும் சொந்தப் பொதிகள் உண்டு. அவற்றின் பெயர்கள் சில எப்படியோ வெளியே கசிந்திருந்தன. அவர் என்ன செய்தார்? அதே பெயர்களில் தாமே பொதிகள் செய்து, பதிப்பு எண்ணை மட்டும் மிக உயர்வாகப் போட்டுப் பொதுக் கடையில் வைத்தார். அவ்வளவுதான். கம்பெனிகளின் நிறுவும் கருவிகள், உயர்ந்த எண்தான் புதிய சரக்கு என்று எண்ணி, வீட்டுச் சரக்கை விட்டுவிட்டுத் தெருச் சரக்கை எடுத்து உள்ளே வைத்துக் கொண்டன. ஆப்பிள், மைக்ரோசாப்ட், பேபால் உள்ளிட்ட 35-க்கும் மேற்பட்ட கம்பெனிகளின் கோட்டைக்குள் ஒரு தனி மனிதர் பெயரை மட்டும் வைத்து நுழைந்து காட்டினார். அவர் திருடரல்லர். ஓட்டையைக் காட்டுபவர்க்குப் பரிசு என்று அந்தக் கம்பெனிகள் வகுத்திருந்த முறைப்படிதான் செய்தார்; பரிசும் பெற்றார். மாதச் சம்பளத்துக்குக் காவலர்களை வைத்திருந்தும், "இந்தச் சரக்கு எந்தக் கடையிலிருந்து வந்தது?" என்று ஒரு காவலரும் கேட்கவில்லை.

சரி, கடையும் சரியான கடை, முத்திரையும் சரியான முத்திரை என்றால் நிம்மதியாகத் தூங்கலாமா? 2020-ஐ நினைவுபடுத்துகிறோம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சோலார்விண்ட்ஸ் என்று ஒரு கம்பெனி. அரசாங்க அலுவலகங்களும் பெருநிறுவனங்களும் தங்கள் கணினி வலைப்பின்னலைக் கண்காணிக்க அதன் ஓரியன் என்னும் மென்பொருளை வாங்கியிருந்தன. அந்தக் கம்பெனியின் பட்டறைக்குள்ளேயே எதிரிகள் நுழைந்தார்கள். நிரல் எழுதும் மேசையில் கை வைக்கவில்லை. நிரலைப் பொதியாகக் கட்டும் இயந்திரத்தில் கை வைத்தார்கள். கட்டி முடிந்த பொதிக்குக் கம்பெனியே தன் முத்திரையைக் குத்தி, தன் கடையிலிருந்தே அனுப்பி வைத்தது. 2020 மார்ச் முதல் ஜூன் வரை இவ்விதம் சென்ற பொதிகளை ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் நிறுவிக் கொண்டார்கள். அமெரிக்கக் கருவூலத் துறைக்குள்ளும் வணிகத் துறைக்குள்ளும் எதிரி போய் உட்கார்ந்தான். டிசம்பரில்தான் வெளிப்பட்டது. வெளிப்பட்டதும் எப்படி? பயர்ஐ என்ற காவல் கம்பெனியில், ஊழியர் ஒருவர் பெயரில் இரண்டாவது தொலைபேசி பதிவாகியிருந்தது ஏன் என்று ஒருவர் கேட்டார். அங்கேயும் ஒரு மனிதர் கேட்ட ஒரு கேள்விதான்! ரஷ்ய உளவுத்துறையின் வேலை என்று அமெரிக்க அரசு பிறகு அறிவித்தது.

கட்டும் கருவியையே கெடுத்துவிட்டால் சுத்தமான நிரலிலிருந்தும் நஞ்சு பிறக்கும் என்று கென் தாம்சன் என்னும் அறிஞர் தமக்கு டூரிங் பரிசு கிடைத்தபோது ஆற்றிய உரையில் விளக்கியிருந்தார். அது அச்சில் வந்தது 1984-இல். முப்பத்தாறு ஆண்டு கழித்து அமெரிக்க அரசாங்கம் அதைப் பட்டறிந்து படித்தது.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. டெபியன் தோழர்கள் 2013-லிருந்து ஒரு பெரும்பணியைத் தூக்கிச் சுமந்து வருகிறார்கள். ஒரே நிரலை, ஒரே விதமான கருவிகளைக் கொண்டு, வெவ்வேறு ஊரில் வெவ்வேறு ஆட்கள் கட்டினாலும், இம்மி பிசகாமல் ஒரே பொதி கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கிடைத்தால், எந்த வயலின் நெல் இந்த மூட்டையில் இருக்கிறது என்பதை யாரும் தாமே கட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம். முத்திரையை நம்பியே கிடக்க வேண்டியதில்லை. சோலார்விண்ட்ஸ் போன்ற பட்டறை நஞ்சு அங்கே அம்பலமாகும். ஆனால் எக்ஸ்.இசட். மூட்டையை இது மட்டும் பிடித்திராது. அந்த மூட்டையை எத்தனை பேர் கட்டினாலும் அதே நஞ்சு அப்படியே வரும். மூட்டையை வயலோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும். ஒரு மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

அரசாங்கங்கள் என்ன செய்தன? 2021 மே 12-ஆம் நாள் அமெரிக்க அதிபர் பைடன் ஓர் ஆணை பிறப்பித்தார். அரசுக்கு மென்பொருள் விற்பவர்கள் அதன் உட்பொருள் பட்டியலைத் தர வேண்டும் என்ற கருத்தை அந்த ஆணை அரசு நடைமுறைக்குக் கொண்டு வந்தது. பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் மாவு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று அச்சிடுகிறார்களே, அதுபோல. அந்தப் பட்டியலின் அருமை அதே ஆண்டு டிசம்பரில் தெரிந்தது. லாக்4ஜே என்ற பொதியில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. ஓட்டையை அடைக்கத் திருத்தம் தயார். ஆனால் எங்கே அடைப்பது? தங்கள் எந்தக் கணினியில், எந்த மென்பொருளின் வயிற்றுக்குள், எத்தனையாவது அடுக்கில் அந்தப் பொதி இருக்கிறது என்றே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. பட்டியல் வைத்திருந்தவர் உடனே தேடி எடுத்தார். வைத்திராதவர் பண்டிகை விடுமுறையிலும் ஊழியர்களை அலைய விட்டார்.

பிறகு 2025 ஜனவரியில், பதவியிலிருந்து இறங்குமுன் பைடன் மற்றோர் ஆணையிட்டார். பாதுகாப்பான முறையில்தான் உருவாக்கினோம் என்பதற்கான உறுதிமொழியை விற்பனையாளர்கள் அரசிடம் சான்றுகளோடு ஒப்படைக்க வேண்டும் என்றது அது. அதே ஆண்டு ஜூன் மாதம் அதிபர் டிரம்ப் அந்தப் பகுதியை அடித்துவிட்டார். காரணம்? சுமையாம்! கணக்குக் காட்டுவது சுமை! கூலிக்காரன் ஒரு ரூபாய் முன்பணம் வாங்கினாலும் கைநாட்டு வைத்துக் கணக்குக் கொடுக்கிறான். கோடி கோடியாய் வாங்குபவருக்குத் தம் சரக்கில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது சுமை!

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழி போயிற்று. அதன் சட்டம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. தாக்குதலுக்கு ஆளாகும் ஓட்டைகளை அறிவிக்கும் கடமைக்கு 2026 செப்டம்பர் 11 என்றும், உட்பொருள் பட்டியல் உள்ளிட்ட முழுக் கடமைகளுக்கு 2027 டிசம்பர் 11 என்றும் அந்தச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. இலாப நோக்கமின்றிப் பொதி எழுதும் தொண்டர் மேல் அந்தச் சுமையை ஏற்றாமல், விற்றுக் காசாக்கும் கம்பெனியின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். முதல் வரைவில் இது தெளிவாக இல்லை. தொண்டர்கள் கூக்குரல் எழுப்பிய பிறகே திருத்தினார்கள். கேட்டால்தான் கிடைக்கிறது.

இந்தியாவில்? செர்ட்-இன் எனப்படும் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு 2024 அக்டோபரில் உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2025 ஜூலையில் விரிவாக்கியது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி, தன் ஆளுகைக்குட்பட்ட நிறுவனங்களின் முக்கிய மென்பொருள்களுக்குப் பட்டியல் வேண்டும் என்று 2024 ஆகஸ்டிலேயே விதித்துவிட்டது. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் பங்குச் சந்தைக்கு விதி, ஏழைகளின் ரேஷன் கருவிக்கு வெறும் வழிகாட்டியா?

பட்டியல் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. எக்ஸ்.இசட். நஞ்சு கலந்திருந்த நாளில் ஒரு கணினியின் பட்டியலை எடுத்திருந்தால் என்ன எழுதியிருக்கும்? எக்ஸ்.இசட்., பதிப்பு 5.6.1 என்று நேர்மையாக எழுதியிருக்கும். நஞ்சு என்று எழுதியிராது. செய்தி வெளியான பின்னர், நம்மிடம் அது இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் சொல்ல அது உதவும். அதற்கு முன்னால் தடுக்க வேண்டுமானால், மூட்டை கட்டிய கை எது, அந்தக் கையின் நிலை என்ன என்று கேட்டாக வேண்டும். இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் எந்தப் பட்டியலும் கேட்பதில்லை. களைத்த கையா? கூலி பெற்ற கையா? தனியாய் நின்ற கையா?

2014-இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பொதியில் இதயக் கசிவு என்று பெயர் சூட்டப்பட்ட ஓட்டை வெளிப்பட்டது. வங்கிகளும் கடைகளும் உட்பட உலக வலைத்தளங்களின் பெரும்பகுதி அந்தப் பொதியின் காவலில் இருந்தது. அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 2,000 டாலர்! இதை அறிந்ததும் பெருங்கம்பெனிகள் வெட்கி, கொஞ்சம் பணம் போட்டன. பிறகு ஹார்வர்டு வணிகப் பள்ளியிலிருந்து 2024-இல் வந்த ஆய்வு ஒரு கணக்குப் போட்டது. திறந்த மூல மென்பொருள் என்று ஒன்று இல்லாமலிருந்து, கம்பெனிகள் ஒவ்வொன்றும் தாமே எழுதிக் கொள்ள நேர்ந்திருந்தால் 8.8 இலட்சம் கோடி டாலர் செலவாகியிருக்கும் என்றது. அவ்வளவும் தொண்டர்கள் எழுதியதன்று. சம்பளம் வாங்கி எழுதியவர்களும் பலர். ஆயினும் கதவுக்குள் இருந்த அந்த வளையத்தைச் செய்தவருக்குச் சம்பளம் இல்லை. ஜெர்மானிய அரசு 2022-இல் இதற்கென்றே ஒரு நிதியை ஏற்படுத்தி, பலரும் சார்ந்திருக்கும் பொதிகளைப் பராமரிப்பவர்களுக்குப் பணம் தரத் தொடங்கியிருக்கிறது. பிற அரசுகள் அதைப் பார்த்துக் கற்கலாம்.

அந்தப் பின்லாந்துக்காரர் என்ன ஆனார் என்று தோழர்கள் கேட்கக்கூடும். ஓடி ஒளியவில்லை. திரும்பி வந்து, கெடுக்கப்பட்ட நிரலை வரிவரியாகச் சோதித்து, நஞ்சை அகற்றி, 2024 மே 29-ஆம் நாள் 5.6.2 என்ற தூய பதிப்பை வெளியிட்டார். கங்காணிக் கடிதம் எழுதியவர்களில் ஒருவரும் அந்த வேலைக்கு வரவில்லை.

நாம் கேட்பது பெரிதன்று. பொதுப் பணத்தில் மென்பொருள் வாங்க டெண்டர் விடும் ஒவ்வொரு அலுவலகமும், உள்ளே இருக்கும் பொதிகள் எவை, எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தவை, எந்த நிரலிலிருந்து யார் கட்டியவை என்று எழுதித் தரும்படி விற்பவரைக் கேட்கட்டும். எழுதித் தந்ததை அலமாரியில் பூட்டி வைக்காமல், கணினியில் இன்று இருப்பதோடு மாதந்தோறும் ஒப்பிடட்டும். வாங்கும் தொகையில் ஒரு பங்கு, அந்தப் பொதிகளைப் பராமரிப்பவர்களுக்குப் போகட்டும். பாலம் கட்டும் டெண்டரில் சிமெண்டு எந்த ஆலையுடையது, கம்பி எந்த உருக்காலையுடையது என்று கேட்கிற அதிகாரிகளுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்க முடியாது. அடுத்த டெண்டர் அறிவிப்பு வெளியாகும்போது அதை வரிவரியாகப் படிக்க நம் தோழர்களில் படித்த இளைஞர்கள் இப்போதே ஆயத்தமாகட்டும்.